நன்றாகத் தின்றும் இளைத்த வல்லூறு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜிர் வல்லூறும் பொரி வல்லூறும் கலந்த கலப்பினப் பெண் பறவை, வயது ஐந்து. ஐரோப்பியப் பண்ணையொன்றில் பொரித்து, காலில் மூடிய வளையமும் தோலடியில் மைக்ரோசிப்பும் கூடவே சைட்டிஸ் என்னும் காட்டுயிர் வணிக ஒப்பந்தத் தாள்களுமாக ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வந்தது. முதல் சில பருவங்கள் குறையின்றிப் பறந்தது. பிறகு பொய்யிரையை நோக்கிப் பறக்கும் 400 மீட்டர் தல்வாப் பந்தயத்துக்கான பயிற்சியில் அதன் நேரம் கூடத் தொடங்கியது. பாதித் தூரம் வரை பழைய வேகம் இருக்கும். அதன் பின் சிறகடிப்பு தளரும். இறங்கியதும் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அந்த மூச்சிரைப்பு அடங்க முன்பைவிட அதிக நேரம் ஆகும். பராமரிப்பாளரின் புகார் ஒரே வரி: "தீனியில் ஒரு குறையும் இல்லை, காடையை எலும்போடு முடித்துவிடுகிறது, பறக்கத்தான் மனமில்லை."

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தனி ஒரு பறவையின் கோப்பு அல்ல. வளைகுடா வல்லூறுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு நோய்ப்போக்கை, கற்பதற்கு வசதியாக ஒரே பறவையின் வரலாறாகக் கோத்திருக்கிறேன். ஒவ்வொரு படியிலும் எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதே இதில் முக்கியம்.

வல்லூறுகளுக்கென்றே தனி மருத்துவமனைகள் உள்ள பகுதி அது. துபாய் வல்லூறு மருத்துவமனை 1983இலும் அபுதாபி வல்லூறு மருத்துவமனை 1999இலும் தொடங்கப்பட்டன. எண்டோஸ்கோப்பி அங்கே ஆண்டுப் பரிசோதனையிலேயே சேர்ந்துவிட்ட ஒன்று. ஆகவே கருவி இல்லாத குறையால் இந்த நோய் தாமதமாகப் பிடிபடுவதில்லை. பந்தயப் பருவம் நடக்கும்போது பறவையை மயக்கத்தில் கிடத்திக் கல்லீரலில் துளி வெட்டி எடுக்க உரிமையாளருக்கும் தயக்கம், மருத்துவருக்கும் தயக்கம். தாமதம் அங்கேதான் பிறக்கிறது.

இந்தப் பறவைக்கும் அப்படித்தான் நடந்தது. பச்சையாக எச்சமிடுகிறது என்றதும் ஒரு சுற்று ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது, சற்றே தெளிந்தது. மீண்டும் தளர்ந்தபோது, ஜிர் ரத்தம் உள்ள பறவை என்பதால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைச் சந்தேகித்து வோரிகோனசோல் என்னும் பூஞ்சை மருந்தைத் தொடங்கினார்கள். ஆர்க்டிக் குளிருக்குப் பழகிய ஜிர் இனத்தை அந்தப் பூஞ்சை எளிதில் பிடிக்கும் என்பது உண்மை. சந்தேகங்கள் இரண்டும் நியாயமானவை. ஆனால் இரண்டு மருந்துகளும் பெயரிடப்படாத ஒரு நோய்க்குத் தரப்பட்டவை.

எச்சத்தைப் பிரித்துப் பார்ப்பது

வல்லூறின் எச்சத்தில் மூன்று பகுதிகள்: கருமையான மலம், வெண்மையான யூரேட் (யூரிக் அமில உப்பு), தெளிந்த சிறுநீர். "பச்சை எச்சம்" என்று யாராவது சொன்னால், பச்சை எந்தப் பகுதியில் என்று கேட்க வேண்டும். குடல் காலியாக இருந்தால் பித்தம் மட்டும் இறங்கி மலம் பச்சையாகும். வேளை தவறித் தீனி வைத்த எந்தப் பறவையிலும் இதைக் காணலாம். யூரேட்டே பச்சையாக வருவது வேறு செய்தி. பித்த நிறமி ரத்தத்தில் தேங்கிச் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று அதற்குப் பொருள்.

நம்மைப் போல் மஞ்சள் காமாலையைப் பறவையிடம் எதிர்பார்க்கக் கூடாது. பிலிவெர்டினைப் பிலிருபினாக மாற்றும் நொதி அவற்றின் கல்லீரலில் மிகக் குறைவு. பச்சை நிறமி பச்சையாகவே நிற்கும். வல்லூறின் கால்களிலும் அலகடித் தோலிலும் தெரியும் மஞ்சள் தீனியிலிருந்து வந்த கரோட்டினாய்டு. அது நன்றாக மஞ்சளாக இருப்பதைப் பார்த்துக் காமாலை என்று எழுதிய குறிப்புகளும் உண்டு.

வெள்ளைத் தாள் விரித்து, தீனி வைத்து, செரிக்காத இறகும் எலும்பும் சேர்ந்த கக்கல் உருண்டையை உமிழ்ந்த பிறகு விழுந்த எச்சங்களைப் பார்த்தபோது மலம் பழுப்பாகவும் யூரேட் மரகதப் பச்சையாகவும் இருந்தது. கல்லீரல் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பது இதோடு ஏறத்தாழ உறுதி. எதனால் என்பதுதான் கேள்வி.

தராசு மறைத்தது

வல்லூறு வளர்ப்பவர்கள் பறவையை நாள்தோறும் நிறுப்பார்கள். பறக்கும் எடை என்று ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலிருந்து சில கிராம் ஏறினாலும் இறங்கினாலும் தீனியை மாற்றுவார்கள். இந்தப் பறவையின் பதிவேட்டில் எடை 1,100 கிராமை ஒட்டியே நின்றது. பராமரிப்பாளர் அந்த ஏட்டை நிம்மதியோடுதான் நீட்டினார்.

மார்பில் கை வைத்தால் கதை வேறு. நெஞ்செலும்பின் முகடு விரலுக்குக் கூர்மையாகத் தட்டுப்பட்டது. இரு பக்கத் தசையும் குழிந்திருந்தது. முகடு முடியும் இடத்துக்குக் கீழே, வயிற்றில், இருக்க வேண்டியதைவிட நிறைவு. மார்புத் தசை கரைந்துகொண்டிருக்க, பெருத்த கல்லீரல் அந்த இழப்பை எடையில் ஈடுகட்டியிருக்கிறது. நாள்பட்ட நோயில் எடை ஏட்டைவிட மார்புத் தசைக்குத் தரும் மதிப்பெண்ணே நம்பகமானது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதும் வழக்கம் இருந்தால், இளைப்பு பல வாரங்கள் முன்பே கண்ணில் பட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

உடற்பரிசோதனையில் இன்னொன்றும் இருந்தது: இடது உள்ளங்காலில் ஒரு தழும்பு. முந்தைய இறகுதிர்ப்புக் காலத்தில் பம்பிள்ஃபுட் என்னும் உள்ளங்கால் தொற்றுப் புண் வந்து, அறுவை செய்து, கட்டுப் போட்டு ஆற்றியது. தோல் மூடியிருந்தது, வீக்கம் லேசாக, பறவை இரு கால்களிலும் எடை போட்டு நின்றது. "ஆறிய புண்" என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார்கள். இதற்குத் திரும்பி வருவோம்.

ரத்தம்

மாதிரி எடுக்கும் நேரம் வல்லூறுகளில் முடிவையே புரட்டிவிடும். தீனி தின்ற பின் இவற்றின் ரத்தத்தில் யூரிக் அமிலம் கீல்வாதம் வந்த பறவையின் அளவுக்கு ஏறிப் பல மணி நேரம் அங்கேயே நிற்கும் என்பதைப் பொரி வல்லூறுகளில் செய்து 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. பித்த அமிலமும் தீனிக்குப் பிறகு ஏறுகிறது என்று அடுத்த ஆண்டே இன்னொன்று வந்தது. எனவே ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு, கக்கல் உருண்டை விழுந்ததை உறுதி செய்துகொண்டு, வலப்பக்கக் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுக்கப்பட்டது.

யூரிக் அமிலம் இயல்பு. கல்லீரல் பாதிப்பில் ஏறும் ஏ.எஸ்.டி. நொதி சற்றே உயர்வு. இந்த நொதி தசையிலும் உண்டு. பயிற்சியில் இருக்கும் பறவையில் இதை மட்டும் வைத்துக் கல்லீரலைக் குற்றம் சொல்ல முடியாது. தசைக் காயத்தைக் காட்டும் சி.கே. நொதி இயல்பாக இருந்ததால் கல்லீரல் பக்கம் கை காட்டலாம், ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: சி.கே. சீக்கிரம் இறங்கிவிடும், ஏ.எஸ்.டி. மெல்லத்தான் இறங்கும்; சில நாள் முந்தைய தசைக் காயமும் இதே தோற்றத்தைத் தரலாம். கல்லீரல் ரத்தத்திலிருந்து அகற்ற வேண்டிய பித்த அமிலம் தெளிவாக உயர்ந்திருந்தது. ஜி.எல்.டி.ஹெச். இயல்பாக இருந்தது. அது கல்லீரல் செல்கள் மொத்தமாகச் சாகும்போது மட்டுமே கசியும் நொதி. ஆக, செல்கள் பெருமளவில் சாகவில்லை, ஆனால் கல்லீரல் தன் வேலையைச் செய்யவில்லை. இந்த முரண்பாட்டை முதல் வாசிப்பில் பலரும் தாண்டிவிடுவார்கள். செல்லைக் கொல்லாமல் அதை நெருக்கி அழுத்தும் ஏதோ ஒன்றை அது சுட்டுகிறது.

வெள்ளணுக்கள் கூடியிருந்தன, குறிப்பாக மோனோசைட்டுகள். மொத்தப் புரதம் உயர்வு. ரத்தப் புரதங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் மின்புலப் பிரிப்பில் ஆல்புமின் தாழ்ந்து பீட்டா, காமா குளோபுலின்கள் எழுந்து நின்றன. உடலில் எங்கோ ஓர் அழற்சி நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் ஈய அளவு கவலைக்குரியதாக இல்லை. ஈயக் குண்டு பட்ட இரையைத் தின்ற வல்லூறுகளும் யூரேட்டைப் பச்சையாகவே போடும் என்பதால் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. எச்சத்திலும் கக்கல் உருண்டையிலும் செரட்டோஸ்பிகுலம் என்னும், மூச்சு மண்டலத்தின் காற்றுப் பைகளில் வாழும் புழுவின் முட்டைகள் இல்லை.

புறாவிலிருந்து வரும் ஹெர்பெஸ் வைரஸும் கல்லீரலைத் தாக்கும். ஆனால் அது சில நாட்களில் கொன்றுவிடும், இவ்வளவு நாள் பறவை நிற்காது. இந்த இடத்தில் உண்மையாகப் பயப்பட வேண்டியது பறவைக் காசநோய். நன்றாகத் தின்றுகொண்டே இளைப்பது, மோனோசைட் ஏற்றம், பெருத்த கல்லீரல் எல்லாம் அதன் கிருமியான மைகோபாக்டீரியம் ஏவியத்துக்கு அப்படியே பொருந்தும். அது உறுதியானால் மற்றப் பறவைகளையும் வளர்ப்பவர்களையும் எண்ணி முடிவெடுக்க வேண்டியிருக்கும்; பெரும்பாலும் கருணைக்கொலை. பூஞ்சையானால் மாதக்கணக்கில் மருந்து, பாக்டீரியாவானால் வளர்ப்புச் சோதனை பார்த்து ஆன்டிபயாடிக், அமிலாய்டு என்னும் கரையாப் புரதப் படிவானால் நோக்கமே வேறு. ரத்தம் இவற்றுள் எதையும் தேர்ந்து தரவில்லை, தரவும் முடியாது. பித்த அமிலத்தை வாரம் ஒருமுறை எடுத்து ஏறியதா இறங்கியதா என்று பார்த்துக்கொண்டிருப்பது கவனிப்பு போலத் தோன்றும். எனக்கு அது காலத்தைக் கடத்துவதாகத்தான் படுகிறது.

கல்லீரலை நேரில் காண

மயக்கத்தில் எடுத்த எக்ஸ்-ரேயில் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடுப்பு போன்ற ஒடுக்கம் மறைந்திருந்தது. காற்றுப் பைகளில் கட்டி நிழல் இல்லை. அல்ட்ராசவுண்டில் கல்லீரல் பெருத்து, அதைச் சுற்றி மெல்லிய படலமாய் நீர்.

அந்த நீர் அடுத்த படியின் வழியை மாற்றியது. வழக்கமாக வல்லூறுகளில் எண்டோஸ்கோப்பை இடது விலாப்புறம் நுழைத்துக் காற்றுப் பை வழியே உறுப்புகளைப் பார்ப்பார்கள். கல்லீரலும் அங்கிருந்தே தெரியும்; நடுச்சவ்வைத் துளைத்து மாதிரியும் எடுக்கலாம். ஆனால் கல்லீரலைச் சூழ்ந்த உறையில் நீர் இருக்கும்போது அந்தச் சவ்வைத் துளைத்தால் நீரோ ரத்தமோ காற்றுப் பைக்குள் இறங்கி நுரையீரலை எட்டிவிடும். பறவை மேசையிலேயே மூழ்கிச் சாகலாம். அதனால் இரண்டு வழிகளும் தனித்தனியே பயன்பட்டன. விலாப்புறம் பார்ப்பதற்கு மட்டும். மாதிரிக்கு நெஞ்செலும்பு முடியும் இடத்தின் பின்னால், நடுக்கோட்டில் சிறு வெட்டு. அங்கிருந்து நேரே கல்லீரல் உறைக்குள் போகலாம், காற்றுப் பையைத் தொட வேண்டியதில்லை.

முன்கூட்டியே வைட்டமின் கே1 ஊசி போட்டு, ரத்தம் உறையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டார்கள். மயக்கம் ஐசோஃப்ளூரேன். மூச்சுக்குழாயில் காற்று நிரப்பும் பட்டை இல்லாத குழாய். பறவையின் மூச்சுக்குழல் வளையங்கள் முழு வட்டமானவை, விரிந்து கொடுக்காது, பட்டையை ஊதினால் உட்சவ்வு நசுங்கும்.

காற்றுப் பைகள் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தன. பூஞ்சைத் திட்டு ஒன்றுகூட இல்லை, புழுவும் இல்லை. மண்ணீரல் பெருத்து வெளிறிய புள்ளிகளோடு இருந்தது. கல்லீரல் செம்பழுப்பாக, கூரிய விளிம்போடு இருக்க வேண்டியது; இங்கே மெழுகு பூசியது போல் வெளிறி, விளிம்பு உருண்டு, இரண்டு மடலும் ஒரே சீராகப் பெருத்திருந்தது. காசநோய்க்குரிய மஞ்சள் முடிச்சுகள் மேற்பரப்பில் இல்லை. கவ்வி பட்ட இடம் உதிர்ந்தது. இப்படி உதிரும் கல்லீரல் தன் எடையாலேயே கிழிந்து உள்ளுக்குள் ரத்தம் கசிய வைக்கும் என்பதால், இரண்டு மடல்களின் விளிம்பிலிருந்தும் சிறு துளிகள் எடுத்து, கசிவு நிற்கும் வரை பார்த்திருந்து மூடினார்கள். ஒரு துளி ஃபார்மலினில், ஒன்று பாக்டீரியா மற்றும் பூஞ்சை வளர்ப்புக்கு, ஒன்று கண்ணாடியில் அழுத்திப் பதிவு. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் வளர்ப்புச் சோதனைக்கு இன்னொரு மயக்கம் தேவைப்படும்.

ஆய்வகத்தில்

வழக்கமான ஹெமட்டாக்சிலின்–இயோசின் சாயத்தில் கல்லீரல் செல்களின் வரிசைகள் மெலிந்து, அவற்றுக்கும் ரத்த நுண்குழல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் உருவமற்ற இளஞ்சிவப்புப் பொருள் நிரம்பியிருந்தது. சிறு தமனிகளின் சுவரிலும் அதே பொருள். ஜி.எல்.டி.ஹெச். ஏன் ஏறவில்லை என்பது இங்கே விளங்கியது: செல்கள் சாகவில்லை, நசுங்கிச் சுருங்கியிருந்தன. காசநோய்க் கிருமி போல அமிலத்தில் நிறம் போகாத பாக்டீரியாவைக் காட்டும் சாயத்தில் ஒன்றும் இல்லை. பூஞ்சைச் சாயத்தில் ஒன்றும் இல்லை. வளர்ப்பிலும் எதுவும் முளைக்கவில்லை.

அமிலாய்டை உறுதி செய்யக் காங்கோ சிவப்புச் சாயம் வேண்டும். 1922 முதல் இதற்குப் பயன்படும் சாயம். சாதாரண ஒளியில் செங்கல் நிறம், தளவிளைவுற்ற ஒளியில் பச்சை ஆப்பிள் நிறம். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போதே இந்தச் சாயத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வழக்கமான மெல்லிய சீவலில் படிவு குறைவாக இருந்தால் பச்சை மங்கலாகத் தெரியும். 8 முதல் 10 மைக்ரான் தடிமனில் சீவச் சொல்வது நல்லது. இந்த மாதிரியில் பச்சை ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

ஏஏ வகை அமிலாய்டு என்பது சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்திலிருந்து உருவாவது. காயமோ தொற்றோ ஏற்படும்போது கல்லீரல் இதை ரத்தத்தில் கொட்டும். வேலை முடிந்ததும் அளவு இறங்கும். அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் இறங்குவதில்லை. சிதைந்த துண்டுகள் இழைகளாகப் பின்னிக் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று படியும், எளிதில் கரையாது. வாத்து, அன்னம் போன்ற நீர்ப்பறவைகளில் இது பழைய செய்தி. அமீரகத்து வேட்டை வல்லூறுகளில் இதனால் வரும் இறப்புகள் கூடிவருவதை 2009இல் வெளியான ஆய்வறிக்கையொன்று பதிவு செய்தது.

நோயின் பெயர் கிடைத்ததும் அடுத்த கேள்வி தானாக எழுந்தது: அழற்சி எங்கே? காற்றுப் பைகள் சுத்தம், வாயில் ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி இல்லை, குடலில் எதுவும் இல்லை. மீதி இருந்தது அந்த "ஆறிய" பாதம். முதல் எக்ஸ்-ரேயில் உடலை மட்டும்தான் எடுத்திருந்தார்கள். இப்போது பாதங்களைத் தனியே எடுத்தபோது, இடது பாதத்தின் விரல் மூட்டில் எலும்பு அரித்திருந்தது. தோல் மூடிய பிறகும் அடியில் எலும்புத் தொற்று புகைந்துகொண்டிருந்தது. மூட்டிலிருந்து எடுத்த மாதிரியில் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தது. பம்பிள்ஃபுட்டில் அடிக்கடி கிடைக்கும் கிருமி. ஆன்டிபயாடிக் கொடுத்த முதல் சுற்றில் பறவை சற்றே தெளிந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

பம்பிள்ஃபுட் வந்து போன எந்த வல்லூறையும் "கால் ஆறிவிட்டது" என்று தோலைப் பார்த்து மட்டும் விடுவிக்கக் கூடாது என்பேன். பாத எக்ஸ்-ரேயும் புரத மின்புலப் பிரிப்பும் இயல்புக்குத் திரும்பிய பிறகே அது ஆறியதாகக் கணக்கு.

சிகிச்சை, முடிவு

உரிமையாளர் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பருவம் போகட்டும், அடுத்த பருவம் பறக்குமா? பறக்காது என்பதே நேர்மையான பதில். படிந்த அமிலாய்டை வல்லூறில் கரைப்பதாக நிறுவப்பட்ட மருந்து இல்லை. மனிதரில் குடும்ப மத்தியதரைக் கடல் காய்ச்சல் என்னும் பரம்பரை நோயில் கோல்சிசின் அமிலாய்டு படிவதைத் தடுக்கிறது. அதைப் பார்த்துத்தான் பறவைகளிலும் கொடுத்துப் பார்க்கிறார்கள். நாள் தவறாமல் கொடுத்தாலும் பலன் உறுதியில்லை என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். வோரிகோனசோல் நிறுத்தப்பட்டது, காரணமில்லாமல் கல்லீரலுக்கு ஏற்றிய சுமை அது. பாத மூட்டைத் திறந்து சுத்தம் செய்து, கிருமிக்கு ஏற்ற ஆன்டிபயாடிக் தரப்பட்டது. பயிற்சி நின்றது, குளிரூட்டிய அறை, சிறு சிறு தீனி.

சில வாரங்கள் யூரேட்டின் பச்சை வெளுத்தது. மார்பும் கொஞ்சம் தேறியது. பின்னர் வயிற்றில் நீர் கூடி, தின்றதைத் திருப்பிக் கக்கத் தொடங்கியது. பட்டினியில் எடுத்த யூரிக் அமிலமும் முதல்முறையாக ஏறியது. படிவு சிறுநீரகத்தை எட்டிவிட்டது. அந்தக் கட்டத்தில் உரிமையாளரின் ஒப்புதலோடு பறவை கருணைக்கொலை செய்யப்பட்டது. உடற்கூறாய்வில் கல்லீரல் மார்புக்கூட்டுக்கு வெளியே நீண்டிருந்தது. வெட்டிய முகத்தில் அயோடின் கரைசல் ஊற்றியதும் அடர் பழுப்பு ஏறியது. சாயம் போட நேரமாகும் இடங்களில் இந்தப் பழைய சோதனை இன்றும் உதவும். மண்ணீரலிலும் சிறுநீரக நுண்வடிகட்டிகளிலும் காங்கோ சிவப்பு அதே பச்சையைக் காட்டியது. பூஞ்சை எங்கும் இல்லை.

அதே கூடத்தில் இருந்த மற்ற வல்லூறுகளைப் பற்றிய கேள்வி வந்தது. ஏஏ அமிலாய்டு இழைகள் ஓர் உயிரிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் படிவைத் தூண்டக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. வாத்து ஈரல் உணவிலிருந்து பிரித்த இழைகள் எலிகளில் நோயை விரைவுபடுத்தியதை 2007இலும், நோயுற்ற சிவிங்கிப்புலியின் மலத்திலிருந்து எடுத்தவை எலியில் அதையே செய்ததை 2008இலும் காட்டினார்கள். அதை அப்படியே வல்லூறுக் கூடத்துக்கு நீட்டுவது அவசரம் என்பது என் கருத்து. நோயுற்ற பறவையின் இருக்கையைக் கழுவி, எச்சத்தைத் தனியே அகற்றுவதில் செலவு அதிகமில்லை, அதைச் செய்யலாம். அதைவிட அவசரமானது ஒவ்வொரு பறவையின் பாதமும் நிற்கும் கம்பமும். எல்லாப் பறவைகளுக்கும் புரத மின்புலப் பிரிப்பு எடுத்ததில், ஓர் இளம் ஜிர் கலப்பினத்தில் பீட்டா குளோபுலின் உயர்ந்திருந்தது. அதன் வலது உள்ளங்காலில் தோல் தேய்ந்து மினுமினுத்தது, புண் இன்னும் இல்லை. கம்பத்தின் மேல்தளத்துக்குக் கரடுமுரடான செயற்கைப் புல் போட்டு, பந்தயப் பதிவை விலக்கிக்கொண்டு, இறகுதிர்ப்பு முடியும்வரை மாதம் ஒருமுறை அதே சோதனையைத் தொடர்வது என்று முடிவானது.